தீக்குழியும் பரிணாம உளவியலும்

தெள்ளார், வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் திரௌபதை அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. பட்டுத் தறியை நிறுத்திவிட்டுக் காப்புக் கட்டிக்கொண்ட நெசவாளியும் தணலில் இறங்குகிறார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குத் தறி ஓடாத நாள் கூலி இல்லாத நாள். பிறகு ஏன்? “வேண்டிக்கிட்டேன், மிதிக்கிறேன்” என்பார் அவர். ‘மூடநம்பிக்கை’ என்று நம் தோழர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டுமே கேள்வியை அங்கேயே நிறுத்திவிடுகின்றன.

மனித மனமும் இயற்கைத் தேர்வில் உருவானதுதான் என்று தொடங்கும் பரிணாம உளவியல் இங்கே வேறொன்றைக் கேட்கச் சொல்கிறது: இந்தக் கஷ்டம் மற்றவர்களுக்கு என்ன சொல்கிறது? 1975இல் இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் ஜஹாவி முன்வைத்த கருத்து இது. மயில் தோகை ஒரு சுமை. அந்தச் சுமையோடும் பிழைத்திருப்பதே அதன் வலுவுக்குச் சாட்சி. மலிவான சைகையை யாரும் போலியாகச் செய்துவிடலாம். விலை கூடிய சைகையை அப்படிச் செய்ய முடியாது. பிறரைச் சார்ந்தே பிழைத்த மனித இனத்துக்கு யாரை நம்பலாம் என்பது வாழ்வா சாவா என்கிற கேள்வி. வலியும் செலவும் மிகுந்த சடங்குகள் அதற்கான பதிலாக இருக்கலாம் என்கிறார்கள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்? இப்படி எதற்கும் ஒரு தகவமைப்புக் கதை கட்டும் பழக்கத்தை ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவன்டினும் 1979லேயே கடுமையாக விமர்சித்தார்கள். எலினோர் பவர் என்ற மானிடவியலாளர் தென் தமிழகத்தின் இரண்டு கிராமங்களில் தங்கி இதைச் சோதித்துப் பார்த்தார். யார் கோயிலுக்குப் போகிறார், யார் தீ மிதிக்கிறார், அலகு குத்துகிறார் என்று ஒரு கணக்கு. ஊரார் யாரை நல்லவர், உழைப்பாளி, யோசனை கேட்கத் தகுந்தவர் என்கிறார்கள் என்று இன்னொரு கணக்கு. 2017இல் வந்த அவரது கட்டுரைகளின்படி, வழிபாட்டில் அதிகம் ஈடுபடுகிறவர்களுக்கு நல்ல பெயரும் அதிகம், ஆபத்துக்கு உதவும் உறவுகளும் அதிகம். விழாவன்று நெருப்பில் இறங்குவதை மட்டுமல்ல, அன்றாட வழிபாட்டையும் ஊர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நெசவாளி கணக்குப் போட்டு மிதிக்கிறார் என்பதல்ல இதன் பொருள். அவருடைய வேண்டுதல் நிஜம். நோக்கம் வேறு, விளைவு வேறு. கரித்தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படுவதோ கணநேரம் என்பதைத் திராவிடர் கழகத்தார் தாங்களே மிதித்துக் காட்டி நிரூபித்திருக்கிறார்கள். சாமி மகிமைக்கு அது சரியான பதில். ஆனால் விரதம், போன கூலி, கால் வெந்துபோகும் அபாயம் இவையெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. சைகையின் விலையும் அங்கேதான்.

போகட்டும். சைகை காட்ட ஒரு களம் வேண்டுமே, அது யாருடையது? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், 2023 ஏப்ரலில், திரௌபதை அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். தீமிதி நம்பிக்கையைச் சம்பாதித்துத் தருகிறது என்றால், கோயிலுக்குள்ளேயே விடாதபோது பறிபோவது சாமி கும்பிடும் உரிமை மட்டுமல்ல. ஊரின் கண்ணில் நம்பத் தகுந்த ஆளாகும் வாய்ப்பும், அதன் வழியே வரும் கைமாற்றும் ஒத்தாசையும் சேர்ந்தே பறிபோகின்றன. நல்ல பெயரும் சாதிக்குள்ளேயே சுற்றிவருகிறது.

‘தன் கூட்டம், பிறர் கூட்டம் என்று பிரிப்பதும் இயற்கைதானே’ என்று உடனே ஒருவர் கிளம்புவார். கூட்டம் சேரும் சுபாவம் பரிணாமத்தில் வந்ததாகவே இருக்கட்டும். கோடு கோயில் வாசலில் விழுவது மரபணுவால் அல்ல. அறுவடைக்குக் கூப்பிடும்போது காணாமல் போகிற கோடு, அக்கினிக் குழியருகே மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. அது நிலமும் அதிகாரமும் போட்ட கோடு. பரிணாம உளவியலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, பகுத்தறிவின் பெயரால் ஒதுக்க வேண்டியதுமில்லை. தீ மிதிப்பவர் எதைச் சம்பாதிக்கிறார் என்பதை அது காட்டுகிறது. அதைச் சம்பாதிக்கவே விடாமல் யாரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிற வேலை நம்முடையது.