எலும்பைக் கொறிக்கும் குறடு

பெங்களூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், எலியின் மூளையை எடுப்பதற்கு அதன் மண்டையோட்டை ஒரு சிறு குறடால் துணுக்குத் துணுக்காக நறுக்குவோம். அதன் பெயர் ‘ராஞ்சர்’. ஓராண்டு கையாண்ட பின்னரே அப்பெயரின் பொருளை அகராதியில் தேடினேன். பிரெஞ்சு மொழியில் அதற்குக் ‘கொறிப்பது’ என்று பொருள். எலி, அணில் முதலியவற்றின் இனத்துக்கும் அதுவே பெயர். எலியின் மண்டையை ‘எலி’யைக் கொண்டே திறந்து வந்திருக்கிறேன்!

கருவியின் அமைப்பு எளியது. முனையில் கிண்ணம்போல் குழிந்த, விளிம்பு கூரிய இரண்டு அலகுகள். பிடிகளுக்கு நடுவே ஒரு வில். பிடியை அமுக்கினால் அலகுகள் கூடி எலும்பில் ஒரு துணுக்கைக் கடித்தெடுக்கும். விட்டால் வில் அவற்றைத் திறந்துவிடும். மனிதருக்குரிய பெரிய கருவிகள் சிலவற்றில் இரண்டு நெம்புகோல்கள் தொடராக இணைந்திருக்கும். கையின் சிறு விசை அலகில் பன்மடங்காகும். சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் பெயரால் வழங்குவது இவ்வகையே.

இரம்பம் இருக்க இஃது எதற்கு? மண்டையோட்டின் அடியில் மூளையைப் போர்த்திய உறை இருக்கிறது. முதுகெலும்பின் உள்ளே தண்டுவடம் இருக்கிறது. அங்கே மயிரிழை தவறினாலும் கேடு. கொறிக்கும் கருவி ஒரு கடிக்கு ஒரு துணுக்கையே எடுக்கும். அடுத்த கடிக்கு முன் அடியில் உள்ளதைப் பார்த்து விலக்கிக்கொள்ளலாம். வேகம் குறைவு, காவல் மிகுதி.

அறுவை மருத்துவத்தில் பிரெஞ்சுச் சொற்கள் பல வழங்குவதற்குக் காரணம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் நாவிதத் தொழிலோடு மருத்துவம் பயின்ற ஆம்புரோஸ் பாரே இலத்தீன் அறியாதவர், தாய்மொழியிலேயே எழுதினார். 1575இல் அவர் நூல்தொகுதி வெளிவந்தபோது பாரிசின் மருத்துவப் பேராசிரியர்கள் எதிர்த்தனர். அவர் தளரவில்லை. 1731இல் அந்நகரில் அறுவை மருத்துவருக்கென்றே ஒரு கழகம் தோன்றியது. தொழில் வளர்ந்த இடத்தில் சொல்லும் பிறந்தது.

நமக்கும் முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்னும் அறுவை மருத்துவ நூலை 1867இல் வெளியிட்டார். அந்த முயற்சி தொடர்ந்திருந்தால் நம் கருவிகள் இன்று பொருள் தெரியாத ஒலிகளாய் நின்றிரா.

கொறித்தல் நம் வீட்டுச் சொல். குறடு நம் தச்சர் சொல். இரண்டையும் சேர்த்துக் ‘கொறிகுறடு’ என்று எழுதிக் கருவிப் பெட்டியில் ஒட்டினேன். உடன் பயிலும் கன்னட நண்பர் பொருள் கேட்டார், சொன்னேன். “ஓ, எலிப்பல்லா!” என்றார். ஓராண்டில் எனக்கு விளங்காதது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிற்று.