கடலைப் பொட்டலம் சொல்லும் கணக்கு!

வேர்க்கடலை வாங்கினால் கடைக்காரர் என்ன செய்கிறார்? காகிதத்தைச் சுருட்டிக் கூம்பாக்குகிறார். கடலையைப் போட்டு மடித்துத் தருகிறார். தின்று முடித்ததும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். காகிதம் பழையபடி தட்டையாகிவிடும். ஒரு கிழிசலும் இராது.

ஆரஞ்சுத் தோலை அப்படி விரிக்க முடியுமா? முடியாது. அழுத்தினால் கிழிந்துவிடும்.

ஏன் இந்த வேற்றுமை? கூம்பும் குழாயும் ஒரு பக்கமாக மட்டுமே வளைந்தவை. அவற்றின் மேல் ஒரு குச்சியை நீளவாட்டில் வைத்தால் நன்றாகப் படியும். ஆரஞ்சோ எல்லாப் பக்கமும் வளைந்தது. எப்படி வைத்தாலும் குச்சி ஒரு புள்ளியில்தான் தொடும்.

தட்டையாக விரிக்கக்கூடிய வடிவங்களைப் பற்றி ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை 1772-ல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர் ஏறக்குறையப் பார்வையை இழந்திருந்தார்!

மாத்தூர்ப் பட்டறைகள்

அந்தக் கணக்கு இன்று நம் ஊரில் சோறு போடுகிறது. திருச்சி–புதுக்கோட்டை சாலையில் உள்ளது மாத்தூர். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்குள்ள தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வேலை செய்யும் பட்டறைகள் பல உண்டு. 1965-ல் தொடங்கிய திருச்சி 'பெல்' கொதிகலன் ஆலையின் வேலைகளை நம்பி வளர்ந்த தொழில் இது.

தகட்டை வெட்டுமுன் அதன் மேல் கோடு போடவேண்டும். இதற்கு 'மார்க்கிங்' என்று பெயர். வேலைக்கு உயிர்நாடி இதுதான்.

6 அங்குல வாயும் 4 அங்குல ஆழமும் உள்ள கூம்பு வேண்டுமா? அதன் சாய்வு 5 அங்குலம். ஆகவே 5 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நடுவிலிருந்து 5 சம பங்காகப் பிரியுங்கள். 3 பங்கை ஒன்றாக வெட்டிச் சுருட்டுங்கள். கூம்பு தயார்!

ஒரு அங்குலத் தவறு

தடித்த தகடானால் இன்னும் கவனம் வேண்டும். வளைக்கும்போது உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். ஆகவே தடிமனின் நடுவை வைத்தே சுற்றளவைக் கணக்கிட வேண்டும். 10 மில்லிமீட்டர் தகட்டில் குழாய் செய்பவர், மறந்துபோய் உள்விட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் என்ன ஆகும்? தகடு 31 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அதாவது ஒரு அங்குலத்துக்கும் மேல்!

கூடுதலாக இருந்தால் வெட்டிவிடலாம். குறைந்துபோனால்? தகடு வீண், உழைப்பும் வீண்.

இன்று கணினி கோடு போடுகிறது, இயந்திரம் வெட்டுகிறது. ஆனால் அளவைச் சொல்பவர் மனிதர்தான். அந்த அளவு தவறினால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளிடம் அட்டையும் கத்தரிக்கோலும் கொடுங்கள். கூம்பு செய்யட்டும். பள்ளியில் படிக்கும் வட்டமும் ஆரமும் எதற்கு என்று அவர்களுக்கே புரிந்துவிடும்!