பல் காக்கும் மகிழம்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அன்னை பிரகதாம்பாளுடன் எழுந்தருளியிருக்கும் கோகர்ணேசுவரருக்கு மகிழவனேசர் என்றும் திருநாமம் உண்டு. இத்தலத்தின் விருட்சம் மகிழ மரம். அதன் பட்டை துவர்ப்பு மிகுந்தது. ஈறுகளை உறுதிப்படுத்த, பற்பொடியிலும் வாய் கொப்பளிக்கும் கஷாயத்திலும் சித்த மருத்துவர்கள் அதனைச் சேர்ப்பர். தல விருட்சத்தில் பட்டை உரித்தல் தகாது. நாட்டு மருந்துக் கடைகளில் தூளாகவே கிடைக்கிறது.

பல்லில் படியும் மாசுப்படலம், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் சில நாள்களிலேயே கல்போல் இறுகுவதே பற்காறை. உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடமாதலால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது மிகுதியாகப் படியும்.

ஏகாதசி, அமாவாசை நாள்களில் குச்சியால் பல் துலக்காமல் பன்னிரண்டு முறை வாய் கொப்பளிப்பது ஆசாரம். ஆயினும் கொப்பளிப்பதால் மட்டும் படலம் நீங்காது. ஈரத்துணியை விரலில் சுற்றிப் பற்களைத் துடைத்தல் நலம். மற்ற நாள்களில் வேப்பங்குச்சியின் நுனியை மென்று மிருதுவாக்கி, காலையும் இரவும் மெல்லத் துலக்கலாம். செங்கல் தூளும் எலுமிச்சைச் சாறும் பல்லின் மேற்பூச்சை அரித்துவிடும், அவை வேண்டா.

இறுகிவிட்ட காறையை எந்தக் கஷாயமும் கரைக்காது. பல் மருத்துவரே கருவி கொண்டு அகற்ற வேண்டும். புதுக்கோட்டையிலேயே 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. காறையை விட்டுவைத்தால் ஈறு தளர்ந்து, சொத்தையில்லாத பல்லும் ஆடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வபாயம் அதிகம்.

பல் போனால் சொல் போகும் என்பர். நித்தம் ஓதும் சகஸ்ரநாமம் பிழையின்றி ஒலிக்கப் பற்களும் துணை நிற்க வேண்டுமன்றோ!