துண்டுக்குள்ளே ஒரு டீலிங்!

செவ்வாய்க்கிழமை காலையில கட் அடிக்கிற ஐடியா இருந்தா தியேட்டர் பக்கம் போகாதீங்க பாஸ். மேலப்பாளையம் சந்தைக்குப் போங்க. ஆடு ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம், நடுவுல டீக்கடை. பக்ரீத் நெருங்கினா கால் வைக்க இடம் இருக்காது. ஒருத்தர் மாட்டோட வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இன்னொருத்தர் சுழி பார்ப்பார். சத்தமோ காதைப் பிளக்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவுல ரெண்டு பேர் மட்டும் வாயைத் திறக்காம கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கை மேல ஒரு துண்டு. உள்ளே விரல்கள் பேசிக்கிட்டு இருக்கும்! எந்த விரலை, எத்தனை விரலைப் பிடிக்கிறாங்க என்பதுதான் விலை. பக்கத்துல நிக்கிற நமக்கு ஒண்ணும் புரியாது. மாட்டுக்காரர் உதட்டைப் பிதுக்குவார். துண்டுக்காரர் அசர மாட்டார். வாங்க வந்தவர்கிட்ட போய் மறுபடியும் துண்டு, மறுபடியும் விரல். நாலு நடை நடந்த பிறகு ஒரு தலையாட்டல்... மாடு கைமாறிடும்.

ஸ்கூல்ல நன்னூல் நடத்தும்போது 'குழூஉக்குறி'ன்னு ஒண்ணு மனப்பாடம் பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுன்னு ரெண்டு மார்க்குக்கு எழுதினது. அதோட சொல்லே இல்லாத வெர்ஷன்தான் இந்தத் துண்டு.

இவருக்குப் பேர் தரகர். சந்தையில அதைச் சொல்லிக் கூப்பிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. விலைதான் துண்டுக்குள்ள ரகசியம். இவர் யாரு, எதுக்காக நடுவுல நிக்கிறார்ங்கறது ஊருக்கே தெரியும். ஆனா அதே ஆளை 'புரோக்கர்'னு கூப்பிட்டுப் பாருங்க, முகம் மாறிடும். இங்கிலீஷ்ல சாதாரணமான சொல். நம்ம ஊர்ல வந்து கெட்டுப்போச்சு. 'மாமா'ங்கற உறவு முறைக்கே நாம என்ன கதி பண்ணி வச்சிருக்கோம்னு உங்களுக்கே தெரியும், அதை விடுங்க.

மும்பை பங்குச்சந்தை இருக்கிற தலால் ஸ்ட்ரீட்ல இருக்கிற 'தலால்' அரபியில இருந்து வந்த சொல். அர்த்தம் அதே தரகர்தான். அங்கே கோட் சூட், இங்கே துண்டு.

காதலுக்கும் உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவுல பேசி சமாதானம் பண்றவங்களைத் தொல்காப்பியம் 'வாயில்கள்'னு சொல்லுது. தோழியில ஆரம்பிச்சு பாணன், விறலின்னு மொத்தம் 12 வகை. ஹாஸ்டல் ரூம்மேட் அந்தப் பட்டியல்ல இல்லை, ஆனா வேலை அதேதான். கமிஷன்? ஒரு பரோட்டா செட்!

வெள்ளைக்காரன் காலத்துல 'துபாஷி'. ரெண்டு பாஷை தெரிஞ்சவர். கம்பெனி துரைக்கும் நம்ம வியாபாரிக்கும் நடுவுல நின்னவர். புதுச்சேரியில டூப்ளேவோட துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதின டைரியை இன்னிக்கும் வரலாறு படிக்கிறவங்க புரட்டுறாங்க. சென்னையில 1794ல இறந்த பச்சையப்ப முதலியாரும் துபாஷிதான். அவர் விட்டுட்டுப் போன சொத்துல 1842ல ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அது 1889ல காலேஜ் ஆச்சு. நம்ம பஸ் டே புகழ் பச்சையப்பன் காலேஜுக்கு ஒரு இடைத்தரகர் பேர்னு சொன்னா அங்கே படிக்கிற பசங்க அடிக்க வருவாங்களோ என்னவோ!

இது வரைக்கும் ஜாலி. அடுத்த சொல் 'கங்காணி'.

கண்காணிக்கிறவர் கண்காணி. சோழர் கல்வெட்டுலயே இருக்கிற சொல். இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தவருக்கும் இதே பேர்தான். ஊர்க்காரர், சொந்தக்காரர் மாதிரி பேசுவார். கையில முன்பணம் கொடுப்பார். கப்பல் ஏறின பிறகுதான் அந்த முன்பணம் கடனாகி கழுத்தைப் பிடிக்கும். 1938ல இந்திய அரசு மலேயாவுக்கு இப்படி ஆள் அனுப்புறதைத் தடுத்தது. நம்ம மாஞ்சோலையும் இந்தச் சொல்லைப் பார்த்த மலைதான். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டுல தேயிலை போட்டப்போ, வேலைக்கு ஆள் கொண்டு வந்ததும் மேய்ச்சதும் கங்காணிகள்தான். அந்தச் சொல்லுல 'தரகு' எங்கேயாவது தெரியுதா? தெரியாது. எனக்கு உறுத்துற இடம் அதுதான்.

இப்போ முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், பேட்டைன்னு ஒரு ரவுண்டு வாங்க. திண்ணையில அம்மா, அக்கா, பாட்டி. மடியில சுளவு, சுளவுல இலையும் தூளும். இதைப் படிக்கிறவங்கள்ல பலருக்கு செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சுளவுல இருந்துதான் வருது. இலையையும் தூளையும் கொடுத்து, சுத்தின பீடியை எண்ணி வாங்கி, பிடிக்காததைக் கழிச்சுப் போடுற இடத்துக்குப் பேர் 'பீடிக்கடை'. கம்பெனிக்கும் அம்மாவுக்கும் நடுவுல நிக்கிறவர் அங்கே வெறும் 'கடைக்காரர்'. நம்ம வாயிலயும் 'அண்ணாச்சி'ன்னுதான் வரும். நாலு பொம்பளைங்க சுத்தினதை ஒரே பாஸ் புத்தகத்துல எழுதற கடைகளும் உண்டு. பேர் ஏறாத மத்த மூணு பேர் கணக்குல பீடித் தொழிலாளியே கிடையாது! 1966ல பீடித் தொழிலாளர்களுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு. அதுல 'கான்ட்ராக்டர்' யாரு, 'முதன்மை முதலாளி' யாருன்னு தெளிவா இருந்துச்சு. ஆனா புத்தகத்துல பேர் இல்லேன்னா அடையாள அட்டை கிடைக்கிறது கஷ்டம். அட்டை இல்லேன்னா பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தர்ற படிப்பு உதவித்தொகைக்கு நீங்க அப்ளை பண்ண முடியாது. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க... "எம்மா, ஒம் பேரு பொஸ்தகத்துல இருக்கா?"

கடைசியா நம்ம ஏஜுக்கு வர்ற ஆள். அவருக்கு 'கன்சல்டன்ட்', 'கோஆர்டினேட்டர்', 'ஹெச்.ஆர். பார்ட்னர்'னு விசிட்டிங் கார்டுல மூணு பேர் இருக்கும். தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு நம்பிப் போய், மியான்மர்ல அடைபட்டு, ஆன்லைன் மோசடி பண்ணச் சொல்லி மிரட்டப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபர்ல சென்னைக்குத் திரும்பினாங்களே, அவங்களும் படிச்சவங்கதான். 'வேலை வாங்கித் தர்றேன்'னு சொன்ன யாரும் தன்னை 'தரகர்'னு அறிமுகம் பண்ணியிருக்க மாட்டாங்க.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் 1983ஆம் வருஷச் சட்டப்படி மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் அதுக்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு எண்ணை 'ஈமைக்ரேட்' இணையதளத்துல போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த சார்கிட்ட, "அண்ணாச்சி, நீங்க தரகர்தானே? ஒங்க கமிஷன் எவ்வளவு?"ன்னு மேலப்பாளையத்துல கேக்குற மாதிரியே கேளுங்க. நேரா பதில் வந்தா நம்பரைச் சரிபாருங்க. கோவம் வந்தா, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க மக்கா!