பிரேசிலிய ஜியு-ஜிட்சு: காயமின்றி நெடுநாள் பயில்வது எப்படி?

குத்தும் உதையும் இன்றி, எதிராளியைத் தரையில் வீழ்த்திப் பிடிகளால் அடக்கும் கலையே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குச் சென்றார். அவர் வாயிலாக அங்குப் பரவிய கலையைக் கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி ஹீலியோ கிரேசியும் தரைப்போருக்கு ஏற்பச் செப்பனிட்டு வளர்த்தனர். இன்று நம் நாட்டின் பெருநகரங்களிலும் இதற்கான பயிற்சிக்கூடங்கள் இயங்குகின்றன. ஆர்வத்துடன் சேர்ந்து, சில மாதங்களிலேயே மூட்டுக் காயத்தால் விலகுவோரும் உண்டு. அவ்வாறு நேராமல் பல்லாண்டு பயில்வதற்கான வழிகளை இங்குக் காண்போம்.

தட்டுதல்: முதற்பாடம்

பிடியில் சிக்கியவர் எதிராளியின் உடலிலோ தரையிலோ இருமுறை, மும்முறை தட்டினால், பிடித்தவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். கைகள் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாய்விட்டும் சொல்லலாம். இக்கலையை அன்றாடம் பயிலக்கூடியதாக ஆக்குவதே இந்த ஒழுங்குதான்.

1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய வீரர் மசஹிகோ கிமுரா ஹீலியோ கிரேசியின் கையை முறுக்கிப் பிடித்தார். கை முறிந்தும் ஹீலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ் தலையிட்டே போட்டியை நிறுத்தினார். அந்தப் பிடி இன்றும் ‘கிமுரா’ என்றே அழைக்கப்படுகிறது. அந்நிகழ்வு வீரக்கதையாகப் பேசப்படுவது உண்மையே. ஆயினும், மறுநாள் காலையில் பணிக்குச் செல்ல வேண்டிய நமக்கு அது முன்மாதிரி ஆகாது.

வலி வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. முழங்கையை நீட்டி வளைக்கும் பிடியில், கை முழுமையாக நீளும்போதே தட்டிவிட வேண்டும். குதிகாலைப் பற்றி முறுக்கும் பிடி இன்னும் ஆபத்தானது; வலி உணரப்படும் முன்பே முழங்காலின் தசைநார் கிழிந்துவிடக்கூடும். அதனால்தான் சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு, அங்கி அணியாத போட்டிகளில் பழுப்பு, கறுப்புப் பட்டை பெற்ற வயது வந்தோருக்கு மட்டுமே அதனை அனுமதிக்கிறது. கழுத்தை நெரிக்கும் பிடிகள் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுப்பவை. சில நொடிகளிலேயே நினைவு தப்பலாம். உயர் இரத்த அழுத்தம், இதயநோய், கழுத்தெலும்புக் கோளாறு உடையோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே சேர வேண்டும்.

பிடிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. பிடியை மெதுவாக இறுக்கி, எதிராளி தட்டுவதற்கு நேரம் அளிக்க வேண்டும்.

திறன் வளரும் வழி

தொடக்கத்தில் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள் பயிற்சி போதுமானது. ஒவ்வொரு சுற்றிலும் முழு வலிமையுடன் மோதுவதைத் தவிர்த்து, அன்று கற்ற ஒரு நுட்பத்தையே முயன்று பார்ப்பது நல்லது. பிறரைப் பிடிக்கக் கற்பதற்கு முன் பிடியிலிருந்து தப்பக் கற்க வேண்டும். தப்பத் தெரிந்தவருக்குப் பதற்றம் குறையும், பதற்றம் குறைந்தால் காயமும் குறையும். விழும்போது கையை ஊன்றாமல், தாடையை மார்போடு ஒட்டி உருளும் முறையையும் தொடக்கத்திலேயே பழக வேண்டும். புதியவர்கள் தமக்குள் மோதுவதைவிட, நிதானமாகப் பயிலும் மூத்த மாணவரைத் துணையாகக் கொள்வது பாதுகாப்பானது.

படர்தாமரை போன்ற தோல் தொற்றுகள் பயிற்சி மெத்தையில் எளிதில் பரவும். ஒவ்வொரு முறையும் அங்கியைத் துவைப்பதும், நகம் வெட்டுவதும், பயிற்சி முடிந்தவுடன் குளிப்பதும் கட்டாயம். தோலில் தொற்று இருப்பின் குணமாகும்வரை விலகியிருப்பதே முறை.

பொறுமையே முதல்

வயது வந்தோருக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என ஐந்து பட்டைகள் உள்ளன. கூட்டமைப்பின் விதிப்படி நீலப் பட்டையில் 2 ஆண்டுகள், ஊதாவில் ஒன்றரை ஆண்டுகள், பழுப்பில் ஓராண்டு எனக் குறைந்தபட்சக் காலம் உண்டு. நடைமுறையில், கறுப்புப் பட்டை பெறப் பலருக்கும் 10 ஆண்டுகள் வரை ஆகின்றன. மாதந்தோறும் சிறுதொகை செலுத்தும் தொடர் வைப்பு போன்றதே இப்பயிற்சியும். இதில் நம் முதலீடு நமது உடல். ஒருமுறை தட்டுவதால் இழப்பது சில நொடிகள். தட்டாமல் தசைநார் கிழிந்தால் இழப்பது பல மாதங்கள்.

சேருமுன் இரு செயல்களைச் செய்வோம். நமது மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் இத்தகைய விளையாட்டுக் காயங்களை ஏற்கின்றனவா என்பதை ஆவணத்தின் விலக்குப் பகுதியில் படித்தறிவோம். பின்னர், பயிற்சிக்கூடத்தில் ஒரு வகுப்பை ஓரமாக அமர்ந்து காண்போம். தட்டியவரை உடனே விடுவிக்கிறார்களா, தட்டியதற்காக யாரேனும் கேலி செய்கிறார்களா என்று கவனித்தால், அக்கூடம் நமக்கு ஏற்றதா என்பது விளங்கிவிடும்.