பதிவேடும் நடுகல்லும்

யூனிக்ஸ் முறையில் இயங்கும் வழங்கிக் கணினி தன்னிடத்து நிகழ்வனவற்றை வரிவரியாகப் பொறித்து வைக்கும். அவ்வரிகளின் தொகுதி பதிவேடு எனப்படும். ஓலைச்சுவடிப் படிமங்கள் கணினிவழிக் காக்கப்பெறும் இக்காலத்தில், அதனைப் படிக்கும் முறையைத் தமிழாய்வாளரும் அறிதல் வேண்டும். அம்முறை கல்வெட்டுப் பயின்றார்க்குப் புதியதன்று என்பதனை ஈண்டு விளக்கக் கருதுகின்றோம்.

ஜமுனாமரத்தூரைத் தன்னகத்தே கொண்ட சவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் பகுதி உள்ளது. அப்பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டையும், எருமை காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தியையும், கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயையும் குறிக்கின்றது. காலம், செய்தோன், செயல் ஆகிய இம்மூன்றும் பதிவேட்டு வரியிலும் உள. நேரம், கணினியின் பெயர், செய்தி விடுத்த நிரலின் பெயர், செய்தி என்பது அதன் வைப்புமுறை.

குறையிலும் இவை ஒத்துள்ளன. கல்லில் ஆட்சியாண்டு உண்டு, தொடராண்டு இல்லை. 1980களில் எரிக் ஆல்மன் அமைத்த 'சிஸ்லாக்' முறையின் பழைய வரியில் மாதமும் நாளும் நேரமும் உண்டு, ஆண்டு இல்லை. 2009இல் வகுத்த நெறியே ஆண்டையும் நேரவலயத்தையும் சேர்த்தது. ஆகவே, எழுத்தமைதியாலும் அரசமரபாலும் கல்லின் காலம் துணிவதுபோலக் கோப்பின் நாளாலும் அடுத்துள்ள வரிகளாலும் பழைய வரியின் ஆண்டைத் துணிதல் வேண்டும்.

இனி ஆராயும் முறை. சுவடி வழங்கும் கணினி நின்றுவிட்டதாகக் கொள்வோம். ஏட்டின் இறுதியில், தரவுத்தளம் இயங்கவில்லை என்னும் வரிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். அவற்றையே காரணமெனக் கருதித் தரவுத்தளத்தை அழித்து மீள நிறுவின் சுவடிப் படிமங்களின் அட்டவணையே அழிதல் கூடும். பிழை தோன்றிய நேரத்திலிருந்து மேல்நோக்கிப் படித்துச் செல்லின், வட்டில் இடமில்லை என்னும் ஒரு வரி தனித்து நிற்றல் புலனாகும். அதுவே காரணம், ஏனையவை அதன் விளைவுகள். வரம்பின்றி வளர்ந்த பதிவேடே வட்டை நிறைத்திருத்தலும் உண்டு.

பழைய ஏடுகள் குறித்த தவணையில் தாமே நீக்கப்படும். சில அமைப்புகளில் நினைவகத்து ஏடு, கணினியை மீளத் தொடங்கிய அளவில் மறையும். ஆதலின், ஏட்டைப் படியெடுத்த பின்னரே கணினியைத் திருத்தப் புகுதல் முறை. மைப்படி எடுக்குமுன் கல்லைப் பெயர்த்தல் தகாது என்னும் கல்வெட்டாய்வு நெறி இங்கும் பொருந்துவதே என்க.