மைக்ரோ கிராமில் விலைபோகும் சரக்கு

தங்கத்தைக் கிராம் கணக்கில் நிறுப்போம். கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்து, அந்த மைக்ரோ கிராமில் விலை பேசப்படும் சரக்கும் உலகச் சந்தையில் உண்டு. எலும்பு மச்சையிலுள்ள மூலக் கலங்களை (ஸ்டெம் செல்) வளரத் தூண்டும் புரதங்களே அவை. அட்டாளைச்சேனையில் பார்மசி வைத்திருக்கும் தம்பி ஒருவர், "காக்கா, இன்டர்நெட்டில் இதைப் பார்த்தேன், இறக்கினால் லாபம் வருமா?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

நமது இரத்தக் கலங்கள் யாவும் இம்மூலக் கலங்களிலிருந்தே உண்டாகின்றன. எவ்வகைக் கலம் எவ்வளவு வேண்டும் என்று உத்தரவிடுபவை சில புரதங்கள். சிவப்பணுவுக்கு எரித்ரோபொயட்டின். வெள்ளையணுவில் ஒரு வகைக்கு ஜி-சி.எஸ்.எஃப். சிறுநீரக நோயாளிக்கு முன்னது, புற்றுநோய் மருந்தால் வெள்ளையணு குறைந்தவருக்குப் பின்னது.

உடலில் இவை இருக்கும் அளவு மிக அற்பம். அமெரிக்க விஞ்ஞானி யூஜின் கோல்ட்வாசரும் ஜப்பானிய மருத்துவர் மியாக்கேயும் இரத்தசோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லீற்றரைச் சேர்த்து வடித்து, 1977இல் அறிவித்தது சில மில்லிகிராம் எரித்ரோபொயட்டின் மட்டுமே! அதற்குக் கோல்ட்வாசர் காப்புரிமை பெறவில்லை. பின்னர் அம்ஜென் கம்பனி அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, வெள்ளெலிக் கலத்தில் புகுத்தி உற்பத்தி செய்தது. 1989இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கோடிக் கணக்கில் டொலர் சம்பாதித்தது கம்பனி. கண்டுபிடித்தவர் பேராசிரியராகவே இருந்தார். வியாபாரிகளாகிய நமக்கு இது புதிய கதையல்ல.

ஜி-சி.எஸ்.எஃப். செய்வது இன்னும் சுலபம். ஈ.கோலை பக்றீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்து, பெரிய தொட்டிகளில் பெருக்கிப் புரதத்தைச் சுத்திகரிக்கிறார்கள். இதன் மருந்து வடிவமான ஃபில்கிராஸ்டிம் 1991இல் வந்தது. 2005 வரை இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே. அந்த இடைவெளியில் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் 2001இல் 'கிராஃபீல்' என்ற பெயரில் தனது ஃபில்கிராஸ்டிமை இறக்கியது. இப்படிப் போட்டி வந்த பிறகே நமது பிராந்தியத்து நோயாளிகளுக்கும் இது எட்டத் தொடங்கியது.

கணக்குப் பாருங்கள். ஒரு குப்பியில் 300 மைக்ரோ கிராம். ஒரு கிராம் புரதத்தில் 3,333 குப்பிகள். மூலப்பொருளில் செலவு குறைவு. சுத்திகரிப்பிலும் பரிசோதனையிலும் குளிரிலுமே பணம் போகிறது. 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது, குலுக்கவும் கூடாது. 2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மீனுக்கு ஐஸ் போட்டுக் காப்பாற்றலாம், இதை ஐஸ் மேல் வைத்தால் உறைந்து கெட்டுவிடலாம். கெட்ட மீன் மணக்கும். கெட்ட புரதம் பெரும்பாலும் தெளிந்த நீர் போலவே இருக்கும்.

தம்பி இன்டர்நெட்டில் கண்டது மருந்தே அல்ல. ஆய்வுகூடங்களில் மூலக் கலங்களை வளர்ப்பதற்காக 10 மைக்ரோ கிராம் அளவில் தூளாக விற்கப்படும் புரதம் அது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று லேபலில் அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் மனித உடலில் ஏற்றுவதற்குரிய சோதனைகள் அதற்குச் செய்யப்படுவதில்லை. பார்மசிக்காரர் தொட வேண்டியது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான சரக்கை மட்டுமே. அதுவும் ஜெனரேட்டரும் வெப்பமானியும் உள்ள குளிர்சாதனப் பெட்டியும் இருந்தால்தான்.